எச்சரிக்கை வந்தவுடன் கூடுங்கள்: ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலில் அமர்ந்திருக்கும் 15 நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

2025 அக்டோபரில் ஐ.நா.விலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. உறுப்பு நாடுகள் கட்ட வேண்டிய பணம் வந்து சேராததால், ஒன்பது அமைதி காக்கும் பணிகளில் இருக்கும் வீரர்களிலும் காவலர்களிலும் ஏறக்குறைய கால் பங்கைத் திருப்பி அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். 13,000 பேருக்குக் குறையாது. அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் இன்னொரு கணக்கு வெளியாகியிருந்தது. 2024-ல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது 2,71,800 கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட 9.4 சதவீதம் அதிகம். பனிப்போர் முடிந்ததிலிருந்து ஒரே ஆண்டில் இப்படி ஓர் ஏற்றம் இருந்ததில்லை. ஐ.நா.வின் அமைதி காக்கும் பணிகள் அனைத்துக்கும் சேர்த்து 2024-25-ல் ஒதுக்கியது சுமார் 560 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள். ராணுவத்துக்குப் போகும் ஒவ்வொரு ஆயிரம் டாலருக்கும் இங்கே வருவது இரண்டு டாலர். அந்த இரண்டு டாலரும் முழுதாக வரவில்லை. இந்தச் செலவில் ஏறக்குறைய பாதியை ஏற்க வேண்டிய அமெரிக்காவும் சீனாவும் உங்கள் அவையின் நிரந்தர உறுப்பினர்கள்.

படைக்குறைப்பு மட்டுமே என்றால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். அமைதிப் படை என்பது பெரும்பாலும் சண்டை மூண்ட பிறகு போவது. சண்டை மூளுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை நீங்கள் செய்யாமல் விடுவதுதான் என்னை எழுத வைக்கிறது. அதற்குப் பணமும் அதிகம் தேவையில்லை, படையும் தேவையில்லை. நேரத்துக்குக் கூடினால் போதும்.

நான் தூதரகத்தில் இருந்ததில்லை. போருக்குத் தப்பி எல்லை தாண்டி வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்ளும் பதிவு மேசையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாடுகள், வெவ்வேறு முகாம்கள், ஆனால் படிவம் ஒன்றுதான். பெயர், வயது, குடும்பத்தில் எத்தனை பேர், எப்போது கிளம்பினீர்கள், ஏன் கிளம்பினீர்கள். கடைசிக் கேள்விக்குப் படிவத்தில் விட்டிருக்கும் இடம் மிகக் குறைவு. மக்கள் சொல்வது அதில் அடங்கவே அடங்காது.

அந்தப் பதில்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். போர் திடீரென்று வந்ததாக அங்கே யாரும் சொல்லவில்லை. குண்டு விழுந்த நாளைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். உள்ளூர் வானொலியில் பக்கத்து ஊர்க்காரர்களைப் பூச்சி, புழு என்று சொல்ல ஆரம்பித்ததைச் சொல்வார்கள். ஆசிரியர்களுக்குச் சம்பளம் நின்றுபோன அதே மாதத்தில், ஊர்க்காவல் என்று சேர்ந்த பையன்களின் கையில் பணம் புரண்டதைச் சொல்வார்கள். சாலைச் சோதனையில் முதலில் வண்டியைப் பார்த்தார்கள், அப்புறம் அடையாள அட்டையில் இருக்கும் குலப்பெயரைப் பார்க்கத் தொடங்கினார்கள் என்பார்கள். வசதி உள்ளவர்கள் பெண் பிள்ளைகளைத் தூரத்து உறவினர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். இரு இனத்திலும் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்கள் எல்லோருக்கும் முன்னால் கிளம்பின. சந்தையில் பழகிய வியாபாரி கடன் கொடுப்பதை நிறுத்திய அன்றே, மூட்டை கட்டு என்று மாமியார் சொல்லிவிட்டதாக ஒரு பெண் சொன்னார். அந்த மாமியார் கணித்தது சரியாக இருந்தது. குடும்பம் பிழைத்தது.

வியாபாரிக்குத் தெரிந்திருக்கிறது. வயதான அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. செயற்கைக்கோளும் உளவுத் துறையும் தூதரகங்களும் வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாமல் போகிறது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இவற்றையெல்லாம் நாங்கள் தொகுத்து மேலே அனுப்பினோம். ஒவ்வொரு படியாக ஏறும்போதும் அந்த அறிக்கைகள் மெலிந்துகொண்டே போகும். ஊர்ப் பெயர் போகும், தேதி போகும், யார் யாரை மிரட்டினார் என்பது போகும். கவலைக்குரிய சூழல் நிலவுகிறது என்ற ஒரு வாக்கியம் மட்டும் தங்கும். அந்த அரசு கோபித்துக்கொண்டால் உதவிப் பொருள் உள்ளே போவது நின்றுவிடும் என்பது எனக்கு மேலே இருந்தவர்களின் பயம். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? உண்மையை அப்படியே எழுதி அனுப்பினால் நியூயார்க்கில் யாராவது எழுந்து நிற்பார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்திருந்தால் துணிந்திருப்பார்கள்.

அப்படி எழுதி அனுப்பியவர்களுக்கு என்ன நடந்தது என்பது ஏட்டில் இருக்கிறது. 1994 ஜனவரி 11 அன்று, ருவாண்டாவில் ஐ.நா. படைக்குத் தலைமை வகித்த கனடாவின் ஜெனரல் ரோமியோ டலேர் நியூயார்க்குக்கு ஒரு செய்தி அனுப்பினார். ஆயுதங்களைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள், துட்சி என்ற சிறுபான்மை இன மக்களைப் பட்டியல் எடுக்கிறார்கள், கொல்வதற்குத்தான் அந்தப் பட்டியல் என்று தகவல் தந்தவர் சந்தேகிக்கிறார், ஆயுதங்களைக் கைப்பற்றப் போகிறேன் என்று அதில் இருந்தது. கைப்பற்ற அனுமதி கிடைக்கவில்லை. ஏப்ரலில் படுகொலை தொடங்கியது. தெருக்களில் பிணங்கள் கிடந்த ஏப்ரல் 21 அன்று இந்தக் கவுன்சில் கூடி 912-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. எதற்கு? சுமார் 2,500 பேர் இருந்த படையை 270 ஆகக் குறைப்பதற்கு. ஏறக்குறைய நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பிறகு உங்கள் ஒப்புதலோடு பொதுச்செயலாளர் விசாரணைக் குழு அமைத்தார். 1999-ல் அதன் அறிக்கை வந்தது. தகவல் இருந்தும் செயல்படவில்லை என்றது.

தமிழில் எழுதும் எவராலும் 2009-ஐத் தாண்டிப் போக முடியாது. இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் மக்கள் ஒரு சிறு நிலத்துண்டுக்குள் நெருக்கப்பட்டிருந்தபோது, இந்தக் கவுன்சில் அதைத் தன் நிகழ்ச்சி நிரலில் கூட வைக்கவில்லை. முறைசாராத கலந்துரையாடல் என்ற பெயரில் பேசிக் கலைந்தது. 2012 நவம்பரில் ஐ.நா.வின் சொந்த உள்ளக ஆய்வுக் குழுவே அந்த மாதங்களில் ஐ.நா. அமைப்பு கடமையில் தோற்றது என்று எழுதியது. அந்த அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். களத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது மேலே சொல்லப்படாமல் போன விதம் எனக்குப் புதிதாக இல்லை.

அதெல்லாம் பழைய கதை, இப்போது முறைகள் மாறிவிட்டன என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். சரி, சூடானை எடுத்துக்கொள்வோம். 2023 ஏப்ரல் 15 அன்று அங்கே ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப் படைக்கும் போர் மூண்டது. அந்த ஆண்டு டிசம்பரில், சூடான் அரசு கேட்டுக்கொண்டதால், அங்கிருந்த ஐ.நா. அரசியல் பணியை நீங்கள் முடித்துக்கொண்டீர்கள். போர் நடந்துகொண்டிருக்கும் நாட்டிலிருந்து, போரை நிறுத்தப் பேச வேண்டியவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டீர்கள். 2024 ஜூனில், மேற்கே டார்ஃபூர் பகுதியில் ஆர்.எஸ்.எஃப். சூழ்ந்திருந்த எல் ஃபாஷர் நகரத்தின் முற்றுகையை விலக்க வேண்டும் என்று 2736-ஆம் தீர்மானத்தில் கோரினீர்கள். நவம்பரில் பொதுமக்கள் பாதுகாப்புக்காகக் கொண்டுவரப்பட்ட இன்னொரு தீர்மானத்தை ரஷ்யா வீட்டோ செய்தது, அதாவது நிரந்தர உறுப்பினருக்கு இருக்கும் தடை வாக்கால் வீழ்த்தியது. முற்றுகை விலகவே இல்லை. 2025 அக்டோபர் 26 அன்று ஆர்.எஸ்.எஃப். அந்த நகரைக் கைப்பற்றியது. அடுத்த நாட்களில் அங்கே நடந்த கொலைகளின் தடயம் வானிலிருந்து எடுத்த படங்களிலேயே தெரிந்தது. ஒன்றரை ஆண்டுக் காலம் இந்த நகரம் விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்கள் சொந்த அதிகாரிகள் உங்கள் முன்னால் உட்கார்ந்து சொன்னார்கள். எச்சரிக்கைக்குக் குறைவே இல்லை. எச்சரிக்கை கேட்டவர்கள் என்ன செய்தாக வேண்டும் என்ற விதி மட்டும் எங்கேயும் இல்லை.

முன்கூட்டியே போய்த் தடுக்க முடியும் என்பதற்கு உங்கள் ஏட்டிலேயே சான்று இருக்கிறது. அதையும் நீங்களே கலைத்தீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1992-ல் யூகோஸ்லாவியா எரிந்துகொண்டிருந்தபோது, அதிலிருந்து பிரிந்த மாசிடோனியாவில் போர் இன்னும் தொடவில்லை. தொடுவதற்கு முன்னால் வாருங்கள் என்று அந்த நாட்டின் அதிபர் கேட்டார். அந்த டிசம்பரில் கவுன்சில் சம்மதித்தது. சண்டை நடக்காத ஓரிடத்தில், சண்டை வரக்கூடாது என்பதற்காகவே ஐ.நா. வீரர்களை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. சுமார் ஆயிரம் பேர். எல்லையில் ரோந்து போனார்கள், அல்பேனிய இனத்தவரோடும் மாசிடோனியரோடும் பேசினார்கள், சிறு உரசல்களை அங்கேயே தணித்தார்கள். பொஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சா என்ற ஊரைப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்துவிட்டு, 1995 ஜூலையில் அங்கே எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் சாகவிட்ட அதே காலகட்டத்தில், மாசிடோனியாவில் போர் இல்லை.

1999 பிப்ரவரியில் அந்தப் பணியை நீட்டிக்கும் தீர்மானம் வந்தது. சீனா வீட்டோ செய்தது. அங்கே நிலைமை சீராகிவிட்டது என்று காரணம் சொல்லப்பட்டது. சில வாரங்களுக்கு முன்னால் மாசிடோனியா தைவானோடு தூதரக உறவு வைத்துக்கொண்டதுதான் காரணம் என்பதை உலகமே அறியும். வீரர்கள் கிளம்பினார்கள். கொசோவோவில் போர் உச்சத்துக்குப் போனது. 2001-ல் மாசிடோனியாவிலேயே ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. ஆகஸ்டில் ஓஹ்ரிட் உடன்பாடு வந்து நின்றது என்பது ஆறுதல். ஆனால் அந்தப் படை இருந்த வரையில் வராத சண்டை, அது போன பிறகு வந்தது. ஒரு நாடு யாரோடு தூதரக உறவு வைக்கிறது என்பதற்கான தண்டனை, அந்த நாட்டு மக்களின் பாதுகாப்பில் கை வைப்பதாகிவிட்டது. இந்த ஒரு சம்பவத்தை நினைத்தால் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எனக்குக் கோபம் தணிவதில்லை. ஏனென்றால் இதில் தெரியவில்லை, பணமில்லை, முடியவில்லை என்ற மூன்று சாக்குக்கும் இடமே இல்லை.

படை கூட இல்லாமல், நாற்காலிகளும் பொறுமையும் மட்டும் வைத்து நிறுத்திய சண்டைகளும் உண்டு. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு கென்யாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். உள்நாட்டுப் போராக மாறியிருக்க எல்லாம் தயாராக இருந்தது. ஆப்பிரிக்க ஒன்றியம் ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னானையும், தான்சானியாவின் முன்னாள் அதிபர் பெஞ்சமின் ம்காப்பாவையும், மொசாம்பிக்கின் கிராசா மஷேலையும் அனுப்பியது. ஆளுக்கொரு சமரசம் பேசாதீர்கள், பேச்சு ஒரே மேசையில்தான் என்று அன்னான் பிடிவாதமாக நின்றார். பெரிய நாடுகள் அவருக்குப் பின்னால் நின்றன. 2008 பிப்ரவரி 28 அன்று இரு தரப்பும் கையெழுத்திட்டன. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி விஷயம். சமரசம் பேசுகிறவருக்குப் பின்னால் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். சூடானில் ஜெட்டாவில் ஒரு பேச்சு, ஜெனீவாவில் ஒரு பேச்சு என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தரப்புக்கும் ஒவ்வொரு நாடு ஆயுதம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடியில் உலகமே அணுப்போரின் விளிம்பில் இருந்தபோது, பர்மாவிலிருந்து வந்த, அப்போது ஐ.நா.வின் தற்காலிகப் பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட், கென்னடிக்கும் குருஷேவுக்கும் ஒரே மாதிரியான கடிதங்களை அனுப்பினார். இரு தலைவர்களும் முகம் கோணாமல் ஓரடி பின்வைக்க அது ஒரு வழியைக் கொடுத்தது. பொதுச்செயலாளருக்கு அந்தத் துணிவு இருக்க வேண்டும் என்றுதான் ஐ.நா. சாசனத்தில் 99-ஆம் பிரிவு வைக்கப்பட்டது. அமைதிக்கு ஆபத்து என்று அவர் கருதும் எதையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரலாம். 2023 டிசம்பர் 6 அன்று அந்தோனியோ குட்டெரெஸ் காசாவுக்காக அந்தப் பிரிவைப் பயன்படுத்தினார். பதவிக்கு வந்தபின் முதல் தடவையாக. இரண்டு நாள் கழித்து மனிதாபிமானப் போர் நிறுத்தம் கோரிய தீர்மானத்துக்கு 13 நாடுகள் ஆதரவளித்தன, பிரிட்டன் ஒதுங்கி நின்றது, அமெரிக்கா வீட்டோ செய்தது. ஐ.நா. தலைவர் கையில் இருக்கும் மிகப் பெரிய எச்சரிக்கை மணிக்கு ஆயுள் இரண்டு நாள்.

வீட்டோவைப் பற்றிப் பேசும்போது உங்கள் சாசனத்திலேயே இருக்கும் ஒரு வரியை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 27-ஆம் பிரிவின் மூன்றாம் பத்தி. சமாதான வழியில் தகராறு தீர்ப்பது பற்றிய ஆறாம் அத்தியாயத்தின் கீழ் முடிவெடுக்கும்போது, தகராறில் ஒரு தரப்பாக இருக்கும் நாடு வாக்களிக்காமல் விலகியிருக்க வேண்டும். நிரந்தர உறுப்பினருக்கு மட்டும் விதிவிலக்கு என்று அதில் எங்கும் இல்லை. தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்காரக்கூடாது என்ற, எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் ஏற்கும் நியாயம் அது. தொடக்க ஆண்டுகளில் இதைக் கடைப்பிடித்தார்கள். பிறகு மெல்ல மறந்துவிட்டார்கள். 2022 பிப்ரவரி 25 அன்று, உக்ரைன் மீது தான் தொடுத்த தாக்குதல் பற்றிய தீர்மானத்தில் ரஷ்யா தானே வாக்களித்துத் தோற்கடித்தது. அந்த மாதம் கவுன்சிலின் தலைமை நாற்காலியும் ரஷ்யாவிடமே இருந்தது. மற்ற பதினான்கு நாடுகளில் ஒன்றிரண்டு இந்த வரியை நினைவூட்டின. அவ்வளவுதான்.

நீதிமன்றம் பற்றியும் சொல்ல வேண்டும். சாட் நாட்டுக்கும் லிபியாவுக்கும் அவூசு என்ற பாலைவனப் பகுதிக்காகப் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. இரு நாடுகளும் ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயின. 1994 பிப்ரவரி 3 அன்று தீர்ப்பு சாட் பக்கம் வந்தது. கடாஃபி ஆண்டுகொண்டிருந்த லிபியா அந்த மே மாதத்துக்குள் படையை விலக்கிக்கொண்டது. அதை மேற்பார்வையிட நீங்கள் அனுப்பிய ராணுவப் பார்வையாளர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒன்பது பேர். ருவாண்டா எரிந்துகொண்டிருந்த அதே மாதம். எண்ணெய் வளமிக்க பகாசி தீபகற்பம் கேமரூனுக்குத்தான் என்று 2002 அக்டோபரில் நீதிமன்றம் சொன்னபோது நைஜீரியா முதலில் ஏற்க மறுத்தது. அப்போது பொதுச்செயலாளராக இருந்த அன்னான் இரு அதிபர்களையும் விடாமல் உட்கார வைத்துப் பேசினார். 2006-ல் உடன்பாடு, 2008-ல் முழு ஒப்படைப்பு. அங்கே வாழ்ந்த மீனவக் குடும்பங்களில் பலருக்கு அந்த முடிவு வலித்தது, அவர்களைக் கேட்டுச் செய்திருக்க வேண்டும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் இரு நாடுகளும் போருக்குப் போகவில்லை.

இப்படிப்பட்ட நீதிமன்றத்தின் கட்டாய அதிகார வரம்பை, அதாவது அதை ஏற்ற இன்னொரு நாடு வழக்குத் தொடுத்தால் வந்தே ஆக வேண்டும் என்பதை, 193 உறுப்பு நாடுகளில் பாதி கூட ஏற்கவில்லை. உங்களில் நிரந்தர உறுப்பினர்கள் ஐவரில் ஏற்றிருப்பது பிரிட்டன் மட்டும், அதுவும் நிபந்தனைகளோடு. பிரான்ஸ் தன் அணுச் சோதனைகளுக்கு எதிராக வழக்கு வந்த பின் 1974-ல் விலகியது. நிகரகுவா தன் மீது தொடுத்த வழக்கில் நீதிமன்றம் தனக்கு எதிராகப் போவதைப் பார்த்து அமெரிக்கா விலகியது. 1986-ல் தீர்ப்பு வந்தபோது, அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்ற தீர்மானத்தை இதே கவுன்சிலில் வீட்டோ செய்தது. வலியவர்கள் வாசலை மூடிவிட்டு எளியவர்களை நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றால் யார் போவார்கள்?

முன்கூட்டியே தலையிடுவதைப் பல நாடுகள் சந்தேகத்தோடு பார்க்கின்றன. அந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். 2011-ல் லிபியாவில் பொதுமக்களைக் காக்க என்று கொடுத்த 1973 என்ற எண்ணுள்ள தீர்மானத்தை வைத்து ஓர் ஆட்சியையே கவிழ்த்தார்கள். அதன் பின் அந்த நாடு துண்டு துண்டாகிக் கிடந்ததன் விளைவைப் பக்கத்து நாடுகளின் மக்களும் அனுபவித்தார்கள். தடுப்பு என்ற பெயரில் குண்டு வீசுவார்கள் என்ற அச்சம் சிறிய நாடுகளுக்கு இருப்பது நியாயம்தான். அதனால்தான் நான் கேட்பது எதிலும் ராணுவம் இல்லை. சாசனத்தின் 33-ஆம் பிரிவு சொல்லும் பேச்சுவார்த்தை, விசாரணை, சமரசம், நடுவர் தீர்ப்பு, நீதிமன்றம், பிராந்திய அமைப்புகள் ஆகியவற்றைச் சண்டைக்கு முன்னால் கையிலெடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இறையாண்மை பேசும் அரசுகளுக்கும் ஒன்று சொல்வேன். சமரசத் தூதர் வந்து உட்காருவதால் இறையாண்மை குறையாது; குடிமக்கள் எல்லை தாண்டி ஓடும்போதுதான் அது போகிறது. 2024 முடிவில் உலகில் போராலும் துன்புறுத்தலாலும் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் 12 கோடியே 32 லட்சம் பேர். அவர்களில் பெரும் பகுதியினர் தங்கள் நாட்டின் எல்லைக்குள்ளேயே, தங்கள் அரசின் கண் முன்னாலேயே அலைகிறார்கள்.

உங்களிடம் கேட்பவை இவை.

2010 நவம்பரில் பிரிட்டன் தலைமை வகித்த மாதத்தில் ஒரு நல்ல பழக்கத்தைத் தொடங்கினீர்கள். எங்கெல்லாம் பிரச்சினை முளைக்கிறது என்று ஐ.நா.வின் அரசியல் விவகாரத் துறை மாதம் ஒருமுறை உங்களுக்குச் சொல்லும். தங்கள் பெயர் அந்தப் பட்டியலில் வருவதை நாடுகள் விரும்பாததால் சில ஆண்டுகளில் அது தேய்ந்துபோனது. அதை மீண்டும் தொடங்குங்கள். இந்த முறை தலைமை நாட்டின் விருப்பத்துக்கு விடாமல், கவுன்சிலின் நடைமுறை விதியாகவே எழுதி வையுங்கள். முகாம்களிலிருந்தும் உள்ளூர் அமைப்புகளிலிருந்தும் வரும் தகவல்கள் வடிகட்டப்படாமல் அந்த அமர்வுக்கு வர ஏற்பாடு செய்யுங்கள். அனுப்புகிறவர்களின் பெயரைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பொதுச்செயலாளர் 99-ஆம் பிரிவின் கீழ் எழுதினால் மூன்று நாட்களுக்குள் வெளிப்படையாகக் கூடுங்கள். அந்தப் பிரிவை எடுக்காமலே அவர் ஓர் எச்சரிக்கை கொண்டுவந்தாலும் கூடுங்கள். கூடி எதுவும் செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தால், ஏன் என்பதை ஒவ்வொரு நாடும் பெயரோடு பதிவேட்டில் எழுத வேண்டும். 2022 ஏப்ரலில் பொதுச் சபை 76/262 தீர்மானத்தின் மூலம் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தது. யாராவது வீட்டோ செய்தால் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச் சபை கூடி அது பற்றி விவாதிக்கும். வீட்டோவுக்கு விளக்கம் கேட்கலாம் என்றால் மௌனத்துக்கும் விளக்கம் கேட்கலாம்.

27-ஆம் பிரிவின் மூன்றாம் பத்தியை உயிர்ப்பியுங்கள். இதற்குச் சாசனத் திருத்தம் தேவையில்லை. நிரந்தரமற்ற பத்து உறுப்பினர்களே, இது குறிப்பாக உங்களுக்கு: ஆறாம் அத்தியாயத் தீர்மானம் வரும் ஒவ்வொரு முறையும், தகராறின் தரப்பு யார் என்று வாக்கெடுப்புக்கு முன்னால் கேள்வி எழுப்புங்கள். தோற்றாலும் எழுப்புங்கள். பிரான்ஸ் நீங்கலான நான்கு நிரந்தர உறுப்பினர்களே, பெருந்திரள் படுகொலை நடக்கும் இடங்களில் வீட்டோவைப் பயன்படுத்துவதில்லை என்று பிரான்ஸும் மெக்சிகோவும் முன்வைத்த உறுதிமொழியில் கையெழுத்திடுங்கள்.

கட்ட வேண்டிய தொகையை விதிப்படி, கேட்பு வந்த 30 நாட்களுக்குள் முழுதாகக் கட்டுங்கள். சமரசப் பணியின் பெரும் பகுதி இன்றும் விருப்பப்பட்ட நாடுகள் கொடுக்கும் நன்கொடையை நம்பி நடக்கிறது. அதை வழக்கமான வரவு செலவுத் திட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். அமைதிக் கட்டமைப்பு நிதிக்குப் பொதுச் சபை 2025 முதல் ஆண்டுக்கு ஐந்து கோடி டாலர் நிலையாக ஒதுக்க முடிவு செய்தது. அது ஒரு தொடக்கம் மட்டுமே; பத்து மடங்காக உயர்த்துங்கள். தடுப்பு முயற்சிகளால் உலகம் ஆண்டுக்கு 500 கோடி முதல் 7,000 கோடி டாலர் வரை மிச்சம் பிடிக்கலாம் என்று ஐ.நா.வும் உலக வங்கியும் சேர்ந்து 2018-ல் சொன்ன கணக்கு உங்களிடமே இருக்கிறது.

சர்வதேச நீதிமன்றத்தின் கட்டாய அதிகார வரம்பை ஏற்காத நாடுகள் ஏற்கட்டும். உடனே முடியாது என்றால், குறைந்தது எல்லை, நதி, கடல் தகராறுகளுக்கு மட்டுமாவது ஏற்கட்டும். தீர்ப்பை ஒரு நாடு மீறினால் 94-ஆம் பிரிவின் கீழ் உங்களிடம் வரும் முறையீட்டில் வீட்டோ கூடாது என்று ஐவரும் எழுத்தில் உறுதி கொடுங்கள்.

சூடானுக்கு ஒரே ஒரு சமரச மேசையை, ஒரே தலைமையின் கீழ் அமையுங்கள். டார்ஃபூருக்குள் ஆயுதம் போகக்கூடாது என்று 2004 முதல் நீங்களே விதித்திருக்கும் தடையை நாடு முழுவதுக்கும் விரிவாக்குங்கள். மீறி ஆயுதம் அனுப்பும் நாடுகளின் பெயரை அறிக்கைகளில் மறைக்காமல் வெளியிடுங்கள்.

இன்று உங்கள் மேசையில் இருக்கும் எச்சரிக்கைகள் எந்தெந்த நாடுகளைப் பற்றியவை, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் வந்தது, அதன் பிறகு என்ன செய்தீர்கள் என்ற பட்டியலைத் தலைமை வகிக்கும் நாடு ஒவ்வொரு மாத இறுதியிலும் பொதுவில் வெளியிட வேண்டும். முதல் பட்டியலை அடுத்த மாதமே எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
அகதி முகாம்களில் பதிவுப் பணி செய்த ஒருவர்